வேலிக்கருவைக்கு அம்பு போட்ட ஊர்

மரத்துக்குப் பெயர் சொல்வது இப்போது கைபேசியின் வேலையாகிவிட்டது. என்னிடம் படித்து, இன்று ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்தும் பெண் ஒருத்தி சென்ற மாதம் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நிற்கும் மரத்தைப் படம் பிடித்து, திரையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மூன்று பெயர்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சதவீதம் வேறு. "எது சார் சரி?" என்றாள். "பூவைப் பாத்தியா? காயை உடைச்சுப் பாத்தியா?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார் இப்ப? இதுவே சொல்லிருதே" என்றாள். சொல்லிவிடுகிறதுதான். சொல்வதற்கு என்ன, வாடகையா கேட்கிறார்கள்? போகும்போது, துறை மலருக்கு உங்கள் அனுபவங்களை எழுதிக் கொடுங்கள், இனிமையான நினைவுகளாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள். எழுதுகிறேன். இனிமைக்கு நான் பொறுப்பில்லை.

நான் தாவரவியலுக்கு வந்த கதையில் நீளமில்லை. டாக்டருக்குப் படிக்க இடம் கிடைக்கவில்லை, வந்தேன். என்னோடு படித்த எல்லாருமே அப்படி வந்தவர்கள்தான். பின்னாளில் மேடையேறி, சிறுவயது முதலே செடிகொடிகளின் மீது தீராத காதல் என்று பேசினால் நம்பாதீர்கள். மதுரையில் படித்து முடித்து, அறுபதுகளில் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். கல்லூரியின் பெயரை எழுதப்போவதில்லை. உலர்த்திய தாவரங்களைத் தாளில் தைத்து அடுக்கி வைக்கும் ஹெர்பேரியம் என்ற அறை அங்கே இருந்தது. பூச்சிமருந்து நெடி தாங்காமல் யாரும் உள்ளே வரமாட்டார்கள். அதனால் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

இந்தத் தொழிலில் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது, பொறுமைதான் உண்டு. ஒரு மரத்துக்குப் பெயர் வைக்க வேண்டுமென்றால் அதன் கிளையில் பூ வேண்டும், காய் வேண்டும். இல்லையென்றால் பூக்கும் வரை காத்திருக்க வேண்டும். கிளையைச் செய்தித்தாளுக்குள் இலை மடங்காமல் பரப்பி, இரண்டு சட்டங்களுக்கு நடுவே வைத்து வாரால் இறுக்கிக் கட்டுவோம். தாள் ஈரம் குடித்ததும் மாற்ற வேண்டும். ஒருநாள் சோம்பல்பட்டால் இலை கறுத்து உதிர்ந்துவிடும். காய்ந்த பிறகு பூச்சி அரிக்காமலிருக்க விஷமருந்து தடவி, தடித்த தாளில் நூலால் தைத்து, எங்கே, யார், எப்போது எடுத்தது என்று எழுதி ஒட்டுவோம். பெயர் கடைசியில்தான் வரும். இலையை மட்டும் பறித்துக்கொண்டு வந்து "என்ன மரம் சார்?" என்று கேட்பவன், பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளையின் செருப்பை மட்டும் காட்டுகிறவன் மாதிரி.

பெயர் கண்டுபிடிக்கத் திறவுகோல் என்று ஒரு முறை உண்டு. இலை எதிரெதிராக இருக்கிறதா, மாற்றி மாற்றி இருக்கிறதா? முள் உண்டா, இல்லையா? உண்டென்றால் எந்த இடத்தில்? ஒவ்வொரு கேள்விக்கும் பதில் பார்த்துப் பார்த்துப் படியிறங்கிப் போக வேண்டும். எங்கள் துறைத் தலைவர் படியிறங்க மாட்டார். மாடியிலிருந்தே குதித்துவிடுவார்.

அவரை எல்லாரும் புரொபசர் என்றுதான் சொல்வோம், நானும் அப்படியே சொல்கிறேன். வெள்ளை வேட்டி, மூடிய கோட்டு, நெற்றியில் பட்டையாக விபூதி. யாராவது ஒரு குச்சியை நீட்டினால் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, ஒருமுறை மோந்து பார்ப்பார். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார். வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு லத்தீனில் இரண்டு சொல் வரும். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொள்வார். பையன்கள் மெய்சிலிர்த்துப் போவார்கள். தெரியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. தெரியாது என்று சொல்லத் தெரியாதவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மரத்துக்குப் பெயர் வைப்பதும், கண் தெரியாதவனை வண்டி ஓட்டச் சொல்வதும் ஒன்றுதான்.

ஒருதடவை சோதித்துப் பார்த்தேன். திங்கட்கிழமை ஒரு கிளையைக் கொடுத்தேன், மோந்தார், ஜன்னலைப் பார்த்தார், பெயர் சொன்னார். அதே மரத்தில் வேறு கொப்பை ஒடித்து, வாரக் கடைசியில் வேறொரு பையன் மூலம் கொடுத்தனுப்பினேன். அதே மோப்பம், அதே ஜன்னல், வேறு பெயர். இரண்டுமே தப்பு. இதை ஸ்டாஃப் ரூமில் சொன்னபோது கணக்கு வாத்தியார், "என்ன இருந்தாலும் சட்டுனு சொல்றாருல்ல?" என்றார். ஊர் இப்படி இருக்கும்போது அவரைச் சொல்லி என்ன?

ஊரும் லேசுப்பட்டதில்லை. கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக்காரர், தம் தோட்டத்தில் நிற்பது ருத்திராட்ச மரம் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். பார்க்க வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். எங்கிருந்தோ வந்த வேறு ஜாதி மரம் அது. கரடுமுரடான கறுப்புக் காய் காய்க்கும், அதைப் பார்த்து ருத்திராட்சம் என்று சொல்லிவிடுவார்கள். காயை உடைத்து உள்ளே இருப்பதைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "ஒங்க புரொபசர் வந்து பாத்துட்டு ருத்திராட்சம்னுதானே சொன்னாக? நீங்க என்ன புதுசா சொல்றீக?" என்றார். உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்த காபி அப்படியே திரும்பிப் போனது. மனிதர்களுக்கு வேண்டியது மரத்தின் பெயர் அல்ல, ஏற்கெனவே வைத்திருக்கும் பெயருக்கு ஒரு சாட்சி. இதை அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

இனி வன்னி மரத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் நவராத்திரி முடிந்த மறுநாள் மகர்நோன்பு. சாமி குதிரை வாகனத்தில் பொட்டலுக்கு எழுந்தருளி, வன்னி மரத்தின் மேல் அம்பு போடும். அசுரவதம் முடிந்தது என்று கணக்கு. அதற்காகவே ஒரு வன்னியை வைத்துப் போற்றி வந்த ஊர் ஒன்று இருந்தது. சம்பந்தப்பட்டவர்களின் பேரன் பேத்திகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், அதனால் ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த வன்னி கிழடாகிப் பட்டுப்போனது. கோயிலை நிர்வகிக்கும் காரியக்காரர்கள், வழியில் போகிறவனிடம் கன்று வாங்கி நட்டால் சரிப்படாது என்று நினைத்துக் கல்லூரிக்கு வந்தார்கள். நான் வேலைக்குச் சேர்வதற்குக் கொஞ்சம் முந்திய கதை இது. புரொபசர் கல்லூரித் தோட்டத்தில் வளர்ந்த ஒரு கன்றைத் தம் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். மாலை போட்டார்கள். கன்றுக்கு அல்ல, அவருக்கு. கன்றுக்குப் பக்கத்தில் லத்தீன் பெயர் எழுதிய தகரப் பலகை ஒன்றை நட்டுவிட்டு வந்தார்.

அந்தக் கன்று எங்கிருந்து முளைத்தது என்பதை நான் பின்னால் தெரிந்துகொண்டேன். காடு வளர்க்கும் திட்டத்துக்கென்று வெளியிலிருந்து விதை வந்த சாக்கு, நான் சேர்ந்தபோதும் தோட்டக் கொட்டகையில் கிடந்தது. அதன் மேல் பேரினப் பெயர் மட்டும்தான் எழுதியிருந்தது. பேரினம் என்பது வீட்டுப் பெயர் மாதிரி. அந்த வீட்டில் அண்ணனும் இருப்பான், தம்பியும் இருப்பான். ஒருவன் கோயிலுக்குப் போவான், ஒருவன் சாராயக் கடைக்குப் போவான். வன்னியும் அதே பேரினம், எங்கள் பக்கத்தில் வேலிக்கருவை என்கிற சீமைக்கருவேலும் அதே பேரினம். புரொபசர் வீட்டுப் பெயரைப் படித்தார், உள்ளே யார் என்று கதவைத் தட்டவில்லை. வன்னி என்று சொல்லிவிட்டார்.

வேலிக்கருவை அப்போது எங்கள் வட்டாரத்துக்குப் புதுசு. கன்று வளர்ந்த வேகத்தைப் பார்த்து ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிறகு அதே மரம் கண்மாய்க்கரை, கொல்லை, தண்டவாளத்தோரம் என்று கேட்பாரில்லாமல் பரவியது. அப்போதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தகரத்தில் எழுதியதை யார் மறுப்பது? வருஷா வருஷம் சாமி வந்தது, வேலிக்கருவைக்கு அம்பு போட்டது, போனது.

எழுபதுகள் பிறந்த பிறகு ஒரு மகர்நோன்புக்கு, அந்த ஊரில் பெண்ணைக் கொடுத்திருந்த கண்டனூர் ஆச்சி ஒருவர் வந்திருந்தார். வயதானவர், வாய்க்குப் பூட்டுப் போடாதவர். அம்பு போட்டு முடித்து எல்லாரும் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, கீழே காய்ந்து கிடந்த நெத்து ஒன்றைக் குனிந்து எடுத்தார். மஞ்சளாக, தட்டையாக, வளைந்து கிடந்த நெத்து. "ஏம்ப்பா, இது எங்க வேலியில ஆடு திங்கிறதுல்ல? இதுக்கா அம்பு போடுறீக?" என்று கேட்டார். மேளம் நின்றுவிட்டது என்று சொன்னார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அது முன்பே தெரியும். ஆனால் ஒருவர் கேட்டுவிட்டால் எல்லாரும் அதிர்ச்சியடைந்துதானே ஆக வேண்டும். அடைந்தார்கள்.

காரியக்காரர்கள் புரொபசரிடம் வந்து கேட்டார்கள். நானும் அறையில் இருந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் குடுத்தது அசல் வன்னி. பராமரிப்பு இல்லாம அது பட்டுப் போயிருக்கலாம். தண்ணி ஊத்துற ஆள் பயந்துபோய் வேலியிலேர்ந்து ஒண்ணப் பிடுங்கி நட்டிருக்கலாம்." இரண்டு 'லாம்' சொன்னார். அவை ஊர் போய்ச் சேர்வதற்குள் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. சாமி மரத்தைச் சாகவிட்டு முள்ளை நட்டவள் என்று அங்கே ஒரு பெண்ணை முடிவுகட்டிவிட்டார்கள்.

அவள் பெயர் முத்துக்கருப்பி. புருஷனை இழந்தவள். ஊருணியிலிருந்து தண்ணீர் சுமந்து மரத்துக்கும் நந்தவனத்துக்கும் ஊற்றுவது அவள் வேலை. கூலி என்று ஒன்றுமில்லை. நந்தவனத்துக்குப் பின்னால் ஒரு குடிசையும், கோயிலில் மதியம் ஒரு பட்டைச் சோறும் உண்டு. மகள் தலைப்பிரசவத்துக்கு அந்தக் குடிசைக்குத்தான் வந்திருந்தாள். முதலில் சோற்றை நிறுத்தினார்கள். ஊருணிப் படியில் அவள் கால் வைத்தால் மற்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார்கள். கல்லூரியிலிருந்து ஆள் வந்து பார்த்து, அது வேலிக்கருவை என்று உறுதியாகச் சொல்லிவிட்டால் குடிசையையும் பிரித்துவிடுவது என்று ஏற்பாடு.

அந்த ஆளாக என்னைத்தான் அனுப்பினார் புரொபசர். "போய்ப் பாரு. வேலிக்கருவைன்னு தெரிஞ்சதைச் சொல்லிட்டு வா. அதுக்கு மேல உனக்கு வேலை இல்லை" என்றார். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள். நான் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. உண்மையைச் சொன்னாலே அவள் கழுத்தில் கயிறு விழும்.

போனேன். மரத்தைச் சுற்றிக் கருங்கல் வேலி, அடியில் மஞ்சள் துணி, குங்குமம். ஒரு கொப்பை வளைத்துப் பார்த்தேன். வன்னியில் முள் கணுவை விட்டுத் தள்ளி, தண்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி இருக்கும். இதில் கணுவுக்கு இரண்டாக, ஜோடி பிடித்தது போல் நின்றது. வன்னியின் காய் சரடு மாதிரி மெல்லியது, இது தட்டை. இலையும் சாம்பல் பூத்திருக்கவில்லை, பச்சை. திறவுகோலே தேவையில்லை.

முத்துக்கருப்பி எட்டத்தில் நின்றாள். கிட்ட வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் அவளிடம் போய்க் கேட்டேன்.

"நட்ட கன்னு பட்டுப் போச்சா?"

"இல்ல சார்."

"இது என்ன மரம்னு தெரியுமா?"

"எனக்கென்ன சார் தெரியும்? நான் பொறந்தது கடக்கரைப் பக்கம், பனைதான் தெரியும். வன்னியும் தெரியாது, கின்னியும் தெரியாது. ஊத்துன்னாக, ஊத்துனேன். கன்னா இருந்தப்ப முட்டுக் குடுத்துக் கட்டுனதும் நாந்தான். திருடின்னு சொன்னாக்கூடப் பொறுத்துக்குவேன் சார். சாமி மரத்தக் கொன்னவன்னு சொல்றாக. எம் மக வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு இதக் கேட்டுக்கிட்டுக் கெடக்கா."

குடிசை வாசலில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள், மாசம் முற்றிய வயிறு. எனக்குக் கோபம் வந்தது. சாதாரணமாகவே எனக்குக் கோபம் வரும், இது வேறு கோபம். காரியக்காரர்களிடம், "அவசரப்படாதீங்க. புரொபசரையும் கூட்டிட்டு வர்றேன், கூட்டத்துல சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அதே சாக்கில் முளைத்த கன்றுகளை இன்னும் இரண்டு இடத்துக்குக் கொடுத்ததாகப் புரொபசரே பெருமையடித்துக்கொண்டதுண்டு. ஒன்று நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீடு. கல்யாணம், சடங்கு என்றால்தான் சொந்தக்காரர்கள் வருவார்கள், மற்ற நாளெல்லாம் பூட்டு. காவல்காரர் கதவைத் திறந்துவிட்டார். பின்கட்டில் மரம் நின்றது, அதே தகரப் பலகை, அதே ஜோடி முள். கொப்பில் கை வைத்தேன். "தொடாதீக, வன்னி. வீட்டுக்கார அப்பச்சி வெளிநாட்டுலேர்ந்து வந்தா மொத வேலையா இதத்தான் சுத்தி வருவாக" என்றார் காவல்காரர். "இது வேலிக்கருவை" என்றேன். "தெரியும், அதச் சொல்ல நான் யாரு?" என்றார். அவரைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டேன்.

இன்னொன்று வலையபட்டிப் பக்கம் பயிர் செய்யும் ஒரு சம்சாரியின் கொல்லை. அவர் மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. "அந்தாளு குடுத்ததா? வாங்க, காட்டுறேன்" என்று கூட்டிப்போனார். அடியோடு வெட்டியிருந்தார். வெட்டின இடத்திலிருந்து புதர் மாதிரித் தழைத்திருந்தது. "வெட்டுனாத் தழையுது, தீ வச்சாத் தழையுது. ஒங்க புரொபசர வந்து புடுங்கித் தரச் சொல்லுங்க" என்றார். அங்கேயும் ஒரு கொப்பு ஒடித்தேன்.

மூன்று ஊர், மூன்று கன்று, மூன்றும் வேலிக்கருவை. மூன்று ஊரிலும் வன்னி செத்து, மூன்று ஊர்க்காரர்களும் சொல்லிவைத்த மாதிரி முள்ளைப் பிடுங்கி நட்டார்கள் என்று எவனாவது சொன்னால் அவனை ஹெர்பேரியத்தில் வைத்துத் தைக்க வேண்டியதுதான்.

கோயில் முன்மண்டபத்தில் கூட்டம். காரியக்காரர்கள் ஜமக்காளத்தில், புரொபசர் நாற்காலியில், நான் தூணோரம். கண்டனூர் ஆச்சியும் வந்திருந்தார், தொடங்கி வைத்தவர் அவர்தானே. முத்துக்கருப்பி மண்டபத்துக்கு வெளியே வெயிலில் நின்றாள்.

நான் இரண்டு கொப்பையும் ஜமக்காளத்தில் போட்டேன். எங்கே ஒடித்தது, யார் கொடுத்த கன்று என்று சொன்னேன். எல்லாரும் புரொபசரைப் பார்த்தார்கள். மனிதர் அசரவில்லை. ஒரு கொப்பை எடுத்தார். மோந்தார். அங்கே ஜன்னல் இல்லை, அதனால் கோபுரத்தைப் பார்த்தார்.

"இதுவும் வன்னிதான்" என்றார். "வன்னியில பல தினுசு உண்டு. இது சீமை வன்னி. ரெண்டும் ஒரே ஜீனஸ், ஒரே பேரினம். சாஸ்திரப்படி ஒரு தோஷமும் இல்லை."

நான் எத்தனையோ புளுகு கேட்டவன். வாழ்நாளில் கேட்டதிலேயே பூரணமான புளுகு அதுதான். மண்டபத்தில் காற்று வந்த மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷம் அம்பு போட்டதும் வீணில்லை, பரிகாரமும் வேண்டாம், மரத்தை வெட்டவும் வேண்டாம். தலைமைக் காரியக்காரர் முகம் மலர்ந்துபோய்ச் சொன்னார்: "அப்ப கொன்னவுகளும் இல்ல, மாத்துனவுகளும் இல்ல. அந்தப் பொம்பளையும் அவ பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன தம்பி, நீங்களும் அதத்தான சொல்றீக?"

எனக்குப் புரியாமல் இல்லை. தலையை ஒருமுறை ஆட்டினால் முத்துக்கருப்பி நாளைக்கே குடத்தை எடுக்கலாம். வெளியே பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்டது குடிசையை அல்ல, கொன்றவள் என்ற பேச்சு போக வேண்டும் என்றுதான் கேட்டாள். அது வேலிக்கருவை என்று தெரிந்த ஊர், வாயால் சீமை வன்னி என்று சொல்லிக்கொண்டே முதுகுக்குப் பின்னால் அவளைக் கொன்றவள் என்றுதான் பேசும். அது மட்டுமில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அவளுக்காகவே என்றாலும் அந்தப் புளுகுக்கு என்னால் தலையாட்டியிருக்க முடியாது. எனக்குக் கழுத்து அப்படி.

"இல்லை" என்றேன். "இது வேலிக்கருவை. நட்ட அன்னைக்கும் வேலிக்கருவை, இன்னைக்கும் வேலிக்கருவை. இந்தம்மா எதையும் கொல்லலை. குடுத்த கன்னை வளத்திருக்கா. குடுத்தவருக்குத்தான் எதைக் குடுக்குறோம்னு தெரியலை." முள்ளைக் காட்டினேன், நெத்தைக் காட்டினேன். புரொபசர் என்னவோ லத்தீனில் ஆரம்பித்தார். கண்டனூர் ஆச்சி இடைமறித்தார். "இது வன்னின்னா எங்க கொல்லையச் சுத்தி முச்சூடும் கோயிலா? ஆடு மேய்க்கிறவனுக்குப் பரிவட்டம் கட்டச் சொல்லவா?" என்றார். ஒருவர் சிரித்தார். அதற்கப்புறம் எல்லாருமே சிரித்துவிட்டார்கள். அத்தோடு சீமை வன்னியின் ஆயுள் முடிந்தது. புரொபசர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அதன் பிறகு அவர் ஓய்வு பெறும் வரை என்னோடு பேசவில்லை. எனக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

தலைமைக் காரியக்காரர் முத்துக்கருப்பியைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும், "உம்மேல குத்தமில்ல தாயி" என்றார். அவள் மண்டபத்துப் படியைத் தொட்டுக் கும்பிட்டாள். அழுதாள். எனக்கும் மனசு நிறைந்துதான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? பஸ்ஸில் வரும்போது வழியில் தெரிந்த ஒவ்வொரு மரத்துக்கும் உரக்கப் பெயர் சொல்லலாம் போலிருந்தது.

அந்த நிறைவு மறுவாரம் வரைதான். மரத்தை வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஹெர்பேரியத்துக்கு ஒரு கிளை எடுத்து வரப் போனேன். மரம் விழுந்து கிடந்தது. தகரப் பலகையை ஆட்டுக்கொட்டில் கதவுக்கு யாரோ கொண்டுபோய்விட்டார்கள். புது வன்னி எப்போது நடப்போகிறார்கள் என்று தலைமைக் காரியக்காரரிடம் கேட்டேன். "இனிமே எவன நம்பிக் கன்னு வாங்குறது? மரமே வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு. வருசா வருசம் அழகர்மலைப் பக்கம் ஆள் அனுப்பிக் கொப்பு கொண்டாந்து நட்டுக்குவோம். பல ஊர்ல அப்படித்தான் செய்றாக" என்றார். நந்தவனத்தையும் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்களாம்.

"முத்துக்கருப்பி?" என்றேன்.

"மரமில்ல, தண்ணி எதுக்கு? மக பிரசவம் முடியிற வரைக்கும் இருந்துக்கட்டும்னு பெரிய மனசு பண்ணிச் சொல்லியிருக்கோம்" என்றார். பெரிய மனசு என்ற சொல்லை அவர் கூசாமல் சொன்னார்.

நான் வாதாடினேன். குற்றமில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். "குத்தமில்லதான். வேலையும் இல்லையே" என்றார். கல்லூரித் தோட்டத்தில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமே என்று நினைத்து, பேசாதவரிடமே போய்க் கேட்டுப் பார்த்தேன். புரொபசர் ஜன்னலைப் பார்த்தார். அவ்வளவுதான் பதில்.

அது பிற்பாடு. அன்றைக்கு மரம் விழுந்த இடத்தில் முத்துக்கருப்பி விறகு பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்து நிமிர்ந்தாள். கோபமாகப் பேசுவாள் என்று நினைத்தேன், பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், நீங்க அன்னைக்குச் சொன்னது நெசந்தான?"

"நெசம்தான்."

"அந்தப் பெரியவரு சொன்னது பொய்யி."

"பொய்."

அவள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். "அந்தப் பொய்ய நீங்களும் சொல்லியிருந்தா, நான் இங்கனயே ஊத்திக்கிட்டு இருந்திருப்பேன்ல?"

எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. அந்தக் காலத்தில் இன்னும் அதிகம் உண்டு. வன்னிக்கும் கருவைக்கும் வித்தியாசம், பேரினம், சிற்றினம், உண்மையின் மேன்மை, எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது.

"இருந்திருப்ப" என்றேன்.

"அதத்தான் கேட்டேன். எம் மக இல்லேங்கிறா. சாமி மரத்தக் கொன்னவன்னு பேரெடுத்துக்கிட்டு இருக்கிறதுக்கு இது தேவலைங்கிறா. அவளுக்கென்ன, சின்னப் பொண்ணு" என்றாள் முத்துக்கருப்பி. பிறகு குனிந்து விறகுக் கட்டின் ஒரு முனையைப் பிடித்தாள். "இதக் கொஞ்சம் தூக்கி விடுங்க சார், தனியா ஏத்த முடியல."

தூக்கி விட்டேன். கட்டு கனமாக இருந்தது. அவள் தலையில் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, குடிசைப் பக்கம் போகும் ஒற்றையடிப் பாதையில் நடந்தாள். நான் ஹெர்பேரியத்துக்கென்று எடுத்த கிளையை அங்கேயே போட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனேன்.